ஒரு பாகம் போனாலும் நிற்காத சர்வர்: இரட்டை அமைப்பைக் கட்டும் முறை

இரண்டு பவர் சப்ளை, எட்டு டிஸ்க், நான்கு நெட்வொர்க் போர்ட் என்று விலைப்புள்ளியில் எழுதியிருப்பதாலேயே ஒரு சர்வர் பழுது தாங்கும் சர்வர் ஆகிவிடாது. இரண்டு பவர் சப்ளையின் கேபிளும் ஒரே யுபிஎஸ்ஸுக்குப் போனால், அந்த யுபிஎஸ் நின்றதும் இரண்டும் சேர்ந்தே நிற்கும். நான்கு போர்ட்டும் ஒரே நெட்வொர்க் கார்டில் இருந்தால், கார்டு போகும்போது நான்கும் போகும். இரட்டையாக வாங்கியவை எங்கே ஒன்றாகச் சேர்கின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஆகவே, வாங்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பாதைகளை வரையுங்கள். மின்சாரம் மீட்டர் பெட்டியிலிருந்து மதர்போர்டு வரை எந்தெந்தப் பொருள் வழியாக வருகிறது? தரவு டிஸ்கிலிருந்து பயனரின் கணினி வரை எந்தெந்தப் பொருள் வழியாகப் போகிறது? ஒன்றே ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு பொருளையும் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு வழிதான் உண்டு: இரட்டிப்பாக்குவது, அல்லது அது போனால் எவ்வளவு நேரம் சேவை நிற்கும் என்று எழுதி நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்குவது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நடுத்தர மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், ஆலை அலுவலகம் போன்ற இடங்களுக்குப் பொருந்தும் அமைப்பு: ஒரு ரேக்கில் இரண்டு 2யூ (ரேக்கில் இரண்டு அலகு உயரமுள்ள) சர்வர், இரண்டு ஸ்விட்ச், இரண்டு யுபிஎஸ். மேலே லினக்ஸ், எந்தச் சர்வரில் சேவை ஓட வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் பேஸ்மேக்கர், சர்வர்களுக்குள் செய்தி கடத்தும் கோரோசின்க், தரவை இரு சர்வரிலும் ஒன்றாக வைக்க டிஆர்பிடி.

எவ்வளவு நிற்கலாம்?

சேவை 99.9 சதவீத நேரம் கிடைக்க வேண்டும் என்றால் ஆண்டுக்கு 8 மணி 46 நிமிடம் நிற்கலாம். 99.99 என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். 99.999 என்றால் 5 நிமிடம் 15 வினாடி. கடைசி எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது. ஆனால் எச்சரிக்கை வந்து, ஒருவர் எழுந்து, லேப்டாப்பைத் திறப்பதற்குள்ளேயே அந்த ஆண்டுக்கான ஐந்து நிமிடமும் தீர்ந்துவிடும். அந்த அளவில் மனிதக் கை படாமல் எல்லாம் தானாக நடந்தாக வேண்டும்.

இரண்டு நோடு கிளஸ்டரில் (ஒரே சேவையைச் சேர்ந்து காக்கும் இரண்டு சர்வர்; ஒவ்வொன்றும் ஒரு நோடு) ஒரு சர்வர் விழுந்தால், மற்றது சேவையை மறுபடி தொடங்கும். இடையில் சில வினாடி முதல் சில நிமிடம் வரை ஆகலாம். டேட்டாபேஸ் தன் லாக்கைப் படித்து மீண்டு வரும் நேரம்தான் பெரும்பாலும் இதைத் தீர்மானிக்கும். இது ஹை அவெய்லபிலிட்டி. அந்த இடைவெளியே கூடாது என்றால் தேவைப்படுவது ஃபால்ட் டாலரன்ஸ். ஸ்ட்ராடஸ் எஃப்டிசர்வரில் இரண்டு தனித்தனி யூனிட்கள் ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றிக்கொண்டிருக்கும். இதை லாக்ஸ்டெப் என்பார்கள். 1974-இல் தொடங்கிய டாண்டம் நிறுவனத்தின் நான்ஸ்டாப் வேறு வழியில் போனது: ஒரு புராசஸுக்கு (ஓடும் புரோகிராமுக்கு) இன்னொரு பிராசஸரில் துணைப் புராசஸ் தயாராகக் காத்திருக்கும். இரண்டுமே விலை அதிகம். லாக்ஸ்டெப்பில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: மென்பொருளில் பிழை இருந்தால் இரண்டு யூனிட்டும் அதே பிழையை ஒரே நொடியில் செய்யும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு நன்றாகச் சோதித்த இரண்டு நோடு கிளஸ்டரே போதும்.

மின்சாரம்

இரட்டை அமைப்புகள் அதிகம் ஏமாற்றும் இடம் இதுதான். ஏனென்றால் எல்லாம் நன்றாக ஓடும்போது கணக்குப் பிழை கண்ணில் படாது.

ஒவ்வொரு சர்வரும் உச்ச வேலையில் 500 வாட் எடுக்கிறது, ஒவ்வொரு ஸ்விட்சும் 100 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர்களின் இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று ஏ யுபிஎஸ்ஸிலும் மற்றது பி யுபிஎஸ்ஸிலும் இருக்கின்றன. ஒற்றைக் கேபிள் ஸ்விட்ச்களில் முதலாவது ஏ-யில், இரண்டாவது பி-யில். சாதாரண நாளில் ஒவ்வொரு யுபிஎஸ்ஸும் 600 வாட் சுமக்கும். 900 வாட் யுபிஎஸ் வாங்கியிருந்தால் திரையில் 67 சதவீதம் என்று காட்டும்; பார்ப்பவருக்குத் திருப்தியாகவே இருக்கும். ஏ நின்ற நொடியில் பி-யின் மீது 1,000 வாட் சர்வர் சுமையும் 100 வாட் ஸ்விட்சும் விழும். 1,100 வாட்டை 900 வாட் யுபிஎஸ் தாங்காது, அதுவும் ட்ரிப் ஆகும். ஒன்று போனதால் இரண்டும் போன கதை இப்படித்தான் நடக்கிறது. எனவே விதி: ஒவ்வொரு பக்கமும் சாதாரண நேரத்தில் தன் திறனில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தக் கணக்குக்கு 1,500 வாட்டுக்குக் குறையாத யுபிஎஸ் இரண்டு வேண்டும். அதே விதி பிடியூவுக்கும் (ரேக்கில் மின்சாரம் பிரிக்கும் பட்டை), அதற்கு முன்னால் உள்ள எம்சிபிக்கும் (தானாக விழும் சுவிட்ச்), சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளைக்கும் பொருந்தும். 500 வாட் சர்வருக்கு 750 அல்லது 800 வாட் பவர் சப்ளை இரண்டு போடுங்கள். அவை இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

ஏ, பி இரண்டும் தனித்தனி எம்சிபியிலிருந்து வரட்டும். கட்டடத்தில் மூன்று ஃபேஸ் இருந்தால் வெவ்வேறு ஃபேஸிலிருந்து வரட்டும். ஏ-க்குச் சிவப்புக் கேபிள், பி-க்கு நீலம் என்று நிறம் பிரித்துவிட்டால், ரேக்கின் பின்னால் டார்ச் வெளிச்சத்தில் நிற்பவரும் தவறாகச் செருக மாட்டார். சி13 கேபிள் அதிர்விலும் இழுப்பிலும் மெல்ல நழுவும். பூட்டுள்ள கேபிளாக வாங்குங்கள். விலை வித்தியாசம் அற்பம்.

ஒரே ஒரு யுபிஎஸ்ஸுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இரண்டு கேபிளையும் அதிலேயே செருகாதீர்கள். ஒன்றை யுபிஎஸ்ஸிலும், மற்றதைச் சர்ஜ் பாதுகாப்புள்ள நேரடி லைனிலும் செருகுங்கள். மின்வெட்டில் யுபிஎஸ் காக்கும். யுபிஎஸ் பழுதானால் லைன் காக்கும்.

ஒற்றைக் கேபிள் கருவியை இரு பக்கமும் இணைக்க ஏடிஎஸ் என்ற மாற்றுப் பெட்டி கிடைக்கிறது. கணினிக் கருவிகள் 20 மில்லிவினாடி வரை மின்சாரம் முழுதும் இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும் என்பது ஐடிஐசி வளைகோட்டின் வரையறை. ஏடிஎஸ்ஸின் மாறும் நேரம் அதற்கு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஏடிஎஸ் மறுபடியும் ஒற்றைப் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்விட்ச் இரண்டு இருக்கும்போது ஏடிஎஸ் தேவையே இல்லை.

யுபிஎஸ் பேட்டரி விஷயத்தில் தயவு பார்க்காதீர்கள். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் ஊர் வெயிலில், ஏசி இல்லாத மூலையில் வைத்த யுபிஎஸ்ஸில் ஐந்து ஆண்டுப் பேட்டரி ஐந்து ஆண்டு வராது. பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று செத்தாலே முழு வரிசையும் சுமை தாங்காமல் விழும்.

விசிறி, மெமரி

விசிறியில் சொல்ல அதிகம் இல்லை. ஒன்று நின்றால் மற்றவை வேகமெடுத்து ஈடுகட்டும். டிஸ்க் இல்லாத இடத்தில் உள்ள பிளாங்க் மூடியைக் கழற்றி வைக்காதீர்கள். காற்று குறுக்கு வழியில் போய்விடும், பிராசஸர் சூடாகும். ஓடும்போதே விசிறி மாற்றுவதானால் புதியதைக் கையில் வைத்துக்கொண்டே மேல்மூடியைத் திறங்கள்.

மெமரியில் இசிசி (பிழை திருத்தும் வசதி) இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். டிடிஆர்4 வரை 64 பிட் தரவுக்கு 8 பிட் சரிபார்ப்பு சேர்ந்து 72 பிட். ஒரு பிட் பிழையைத் திருத்தும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். டிடிஆர்5 வந்தபின் ஒரு குழப்பம் பரவியிருக்கிறது. எல்லா டிடிஆர்5 சிப்பிலும் உள்ளேயே இசிசி இருக்கிறதே, தனியாக எதற்கு என்று கேட்கிறார்கள். சிப்புக்குள் இருக்கும் அந்த இசிசி சிப்புக்குள் நேரும் பிழையை மட்டும் திருத்துகிறது. சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் கெடும் பிட்டை அது பார்ப்பதில்லை, பிழை நடந்ததைச் சிஸ்டத்துக்குத் தெரிவிப்பதும் இல்லை. சர்வருக்கு ஆர்டிம் (ரெஜிஸ்டர் சிப் உள்ள) வகை இசிசி மெமரியே வேண்டும். ஆர்டிம், யூடிம் (ரெஜிஸ்டர் இல்லாதது) இரண்டையும் ஒரே போர்டில் கலக்க முடியாது.

மெமரி மிரரிங் (ஒரே தரவை இரண்டு இடத்தில் எழுதுவது) கொள்ளளவைப் பாதியாக்கும். இரண்டாவது சர்வர் இருக்கும் அமைப்பில் அந்தப் பணத்தை வேறிடத்தில் செலவிடலாம். அதைவிட முக்கியம், திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையைக் கவனிப்பது. லினக்ஸில் ராஸ்டீமன் என்ற மென்பொருள் இதைப் பதிவு செய்யும். ஒரே ஸ்லாட்டில் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் அந்த மெமரியை அடுத்த பராமரிப்பு நேரத்திலேயே மாற்றுங்கள். திருத்த முடியாத பிழை வரும்வரை காத்திருந்தால் சர்வர் அந்த இடத்திலேயே நிற்கும்.

டிஸ்க்

மூன்று சொற்களைப் பிரித்து வையுங்கள். ஹாட் ஸ்வாப் என்றால் ஓடும்போதே கழற்றி மாற்றலாம். ஹாட் ஸ்பேர் என்றால் ஏற்கனவே செருகப்பட்டு, வேலையில்லாமல் காத்திருந்து, ஒன்று செத்ததும் தானாக இடம்பிடிக்கும் டிஸ்க். கோல்ட் ஸ்பேர் அலமாரியில் இருப்பது. விலைப்புள்ளியில் ஹாட் ஸ்வாப் என்று இருப்பதைப் பார்த்து ஹாட் ஸ்பேர் வந்துவிட்டதாக நினைப்பவர்கள் பலர்.

ரெய்டு என்பது பல டிஸ்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு போகாமல் காக்கும் முறை. ரெய்டு 1-உம் 10-உம் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு நகல் (மிரர்) வைக்கும்; ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், ரெய்டு 6 இரண்டு போனாலும் தாங்கும். சிஸ்டத்துக்கு 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, ரெய்டு 1. டேட்டாபேஸுக்கு 1.92 டிபி எஸ்எஸ்டி நான்கு, ரெய்டு 10, கிடைப்பது 3.84 டிபி. கோப்புகளுக்குப் பெரிய இடம் வேண்டுமென்றால் 8 டிபி சுழலும் டிஸ்க் ஆறு, ரெய்டு 6. கிடைப்பது 32 டிபி. கூடவே ஒரு ஹாட் ஸ்பேர்.

பெரிய டிஸ்குகளில் ரெய்டு 5 வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் மறுகட்டுமான நேரம். 16 டிபி டிஸ்கை வினாடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலே 22 மணி நேரம் ஆகும். சர்வர் தன் வழக்கமான வேலையையும் செய்துகொண்டிருந்தால் அது நாள்கணக்கில் நீளும். அதுவரை இன்னொரு டிஸ்க் போகக் கூடாது. அது மட்டுமா? மற்ற டிஸ்குகள் அனைத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். சாதாரண டிஸ்குகளின் தரவுத்தாளில் 10-இன் 14-ஆம் அடுக்குப் பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை என்று இருக்கும், அது 12.5 டிபி. எண்டர்பிரைஸ் டிஸ்கில் 10-இன் 15-ஆம் அடுக்கு, அதாவது 125 டிபி. நான்கு 8 டிபி டிஸ்க் உள்ள ரெய்டு 5-இல் ஒன்று போனால் 24 டிபி படிக்க வேண்டும். நடைமுறையில் டிஸ்குகள் தாளில் உள்ளதைவிட நன்றாகவே நடக்கின்றன, ஆனாலும் அந்த நம்பிக்கையில் நோயாளிகளின் பதிவுகளை வைக்கக் கூடாது.

டெஸ்க்டாப் டிஸ்கை ரெய்டில் போடக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. படிக்க முடியாத இடம் வந்தால் அது ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயன்றுகொண்டிருக்கலாம். ரெய்டை நடத்தும் கண்ட்ரோலர் அவ்வளவு பொறுக்காது. டிஸ்க் செத்துவிட்டதென்று வெளியே தள்ளிவிடும். ரெய்டுக்கான டிஸ்குகள் பொதுவாக 7 வினாடியில் முயற்சியை விட்டுப் பிழையைச் சொல்லிவிடும், கண்ட்ரோலர் அந்தத் தரவை மற்ற டிஸ்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஒரே மாடல், ஒரே பேட்ச், ஒரே நாளில் ஓடத் தொடங்கிய டிஸ்குகள் ஒரே நேரத்தில் சாகவும் கூடும். 2019 நவம்பரில் எச்பிஇ வெளியிட்ட அறிவிப்பு இதற்குக் கண்கூடான சான்று: சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் ஃபர்ம்வேர் பிழையால் செயலிழக்கும், டிஸ்கும் மீளாது, தரவும் மீளாது. 3 ஆண்டு 270 நாள் 8 மணி. ஒன்றாக ஆன் செய்த டிஸ்குகள் ஒன்றாகவே அந்த எண்ணைத் தொடும், அப்போது ரெய்டு எந்த வகையாக இருந்தும் பயனில்லை. ஆகவே டிஸ்குகளை இரண்டு பேட்சாக வாங்குங்கள், முடிந்தால் மிரரின் ஒரு பாதியைச் சில மாதம் முன்னதாக ஓட விடுங்கள், ஃபர்ம்வேர் அறிவிப்புகளைத் தவறாமல் படியுங்கள். எஸ்எஸ்டி மிரரில் இரண்டுக்கும் எழுத்து ஒரே அளவு விழுவதால் தேய்மானமும் சமமாகவே வரும். ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் வசதி) காட்டும் தேய்மான அளவு 80 சதவீதத்தைத் தொட்டதும் ஒன்றை முதலில் மாற்றிவிடுங்கள்.

கண்ட்ரோலரின் கேஷ் பேட்டரி போனால் சர்வர் நிற்காது; ரைட் பேக் (கேஷில் எழுதியதுமே முடிந்ததாகச் சொல்வது) தானாக ரைட் த்ரூ (டிஸ்கில் எழுதிய பிறகே சொல்வது) ஆகும், வேகம் படுத்துவிடும். காரணம் தெரியாமல் டேட்டாபேஸை டியூன் செய்துகொண்டிருப்பார்கள். முதலில் கேஷ் பேட்டரியைப் பாருங்கள்.

லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. சிஸ்டம் பார்ட்டிஷன் மிரர் ஆகியிருக்கும், பூட்டுக்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் முதல் டிஸ்கில் மட்டும் இருக்கும். முதல் டிஸ்க் செத்தாலும் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். சில மாதம் கழித்து ரீபூட் செய்யும்போது எழுந்திருக்காது. நிறுவிய அன்றே இரண்டாவது டிஸ்கிலும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை அமைத்து, பூட் வரிசையில் சேர்த்து, முதல் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள்.

செத்த டிஸ்கை எடுக்கும்போது நல்ல டிஸ்கை இழுத்துவிடுவது ரெய்டுகளைக் கொல்லும் பழைய தவறு. ஸ்லாட் எண்ணை நம்பாதீர்கள். இருப்பிட விளக்கை மினுக்க வைத்து, சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தைக் கேடியின் (டிஸ்கைத் தாங்கும் சட்டத்தின்) முகப்பில் ஒட்டிய லேபிளோடு ஒப்பிட்ட பிறகே கை வையுங்கள்.

நெட்வொர்க்

ஒரு கேபிள் போர்டிலேயே உள்ள போர்ட்டிலிருந்து, மற்றது பிசிஐஇ கார்டிலிருந்து. ஒவ்வொன்றும் வேறு ஸ்விட்சுக்கு. பாண்டிங்கில் (இரண்டு போர்ட்டை ஒன்றாகச் சேர்ப்பதில்) ஆக்டிவ் பேக்கப் முறையை எடுங்கள்: ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். ஸ்விட்ச் பக்கம் எந்த அமைப்பும் வேண்டாம், எந்தக் கம்பெனி ஸ்விட்சிலும் ஓடும். எல்ஏசிபி (இரண்டு லிங்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை) இரண்டு ஸ்விட்சின் குறுக்கே ஓட வேண்டுமானால் எம்லேக் அல்லது ஸ்டாக் (இரண்டு ஸ்விட்சைச் சர்வருக்கு ஒன்றாகக் காட்டும் வசதிகள்) வேண்டும். ஸ்டாக் செய்த ஸ்விட்ச்கள் நிர்வாக அளவில் ஒரே ஸ்விட்ச். ஃபர்ம்வேர் ஏற்றும்போது பல மாடல்களில் இரண்டும் சேர்ந்தே ரீபூட் ஆகும்.

100 மில்லிவினாடிக்கு ஒருமுறை லிங்க் இருக்கிறதா என்று பார்க்கும் அமைப்பு வழக்கமாகப் போதும். ஆனால் ஸ்விட்ச் உயிரோடு இருந்து, அதன் அப்லிங்க் (மற்ற நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) மட்டும் அறுந்தால் லிங்க் விளக்கு பச்சையாகவே இருக்கும், பாண்டிங் மாறாது. அந்தச் சந்தேகம் இருந்தால் கேட்வேயைக் கேட்டுப் பார்க்கும் ஏஆர்பி கண்காணிப்பை இடுங்கள். சர்வர் போர்ட்களை ஸ்விட்சில் எட்ஜ் போர்ட்டாக (பின்னால் வேறு ஸ்விட்ச் இல்லாத போர்ட்டாக) குறியுங்கள். இல்லையென்றால் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் முறை) 30 வினாடி போர்ட்டைத் திறக்காமல் வைத்திருக்கும்.

இரண்டு சர்வர், ஒரே தரவு

ஒரு சர்வருக்குள் எவ்வளவு இரட்டித்தாலும் மதர்போர்டு, ரெய்டு கண்ட்ரோலர், பேக்பிளேன் (டிஸ்குகளைச் செருகும் பலகை) ஆகியவை ஒன்றாகவே இருக்கும். இரண்டாவது சர்வர் அவற்றுக்காகத்தான். இரண்டில் எது தனித்து நின்றாலும் முழு வேலையையும் சுமக்க வேண்டும். ஆகவே இரண்டின் மொத்தப் பயன்பாடு ஒன்றின் மெமரிக்கும் பிராசஸருக்கும் உள்ளே இருக்கட்டும்.

இரண்டுக்கும் இடையே 10 ஜிபிட் நேரடிக் கேபிள் போட்டு டிஆர்பிடியை சி புரோட்டோகாலில் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் எழுதி முடித்த பிறகே எழுத்து முடிந்ததாகக் கணக்கு. கோரோசின்க்குக்கு இரண்டு லிங்க் கொடுங்கள்: ஒன்று அந்த நேரடிக் கேபிள், மற்றது ஸ்விட்ச் வழி. இது பேக்கப் அல்ல. ஒருவர் தவறி அழித்த டேபிள் அடுத்த சர்வரிலும் அந்த நொடியே அழியும்.

இரண்டு நோடும் ஒன்றையொன்று காணாமல், மற்றது செத்துவிட்டதென்று நினைத்து இரண்டும் எழுதத் தொடங்குவதுதான் ஸ்ப்ளிட் பிரெய்ன். சேவை நிற்பதைவிட இது கொடியது. இரண்டு பக்கத் தரவையும் பிறகு சேர்க்க வழியில்லை. எந்த நோடு தொடர வேண்டும் என்று முடிவுசெய்யும் மூன்றாவது வாக்குக்கு, வேறு அறையில், வேறு மின்சாரத்தில் ஒரு சிறிய கணினியில் கியூடிவைஸ் என்ற மென்பொருள் ஓடட்டும். அது முடியாவிட்டால் கோரோசின்க்கின் இரண்டு நோடு அமைப்பை இடுங்கள். எப்படி இருந்தாலும் ஃபென்சிங் கட்டாயம்: உயிரோடிருக்கும் நோடு, மற்றதன் மின்சாரத்தை நிறுத்திய பிறகே சேவையை எடுக்க வேண்டும்.

முதல் நிலை ஃபென்சிங் பிஎம்சி (சர்வரைத் தொலைவிலிருந்து ஆன், ஆஃப் செய்யும் தனிச் சிப்) வழியாக. ஐடிராக், ஐலோ என்று நிறுவனத்துக்கொரு பெயர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சர்வரின் இரண்டு பவர் கேபிளும் போனால் பிஎம்சியும் சேர்ந்து போகும். மற்ற நோடு அதை அணைக்க முயன்று பதில் கிடைக்காமல், அணைந்ததா என்று உறுதி தெரியாமல், சேவையை எடுக்காமல் நின்றுவிடும். ஆகவே இரண்டாம் நிலையாக ஸ்விட்ச்சுடு பிடியூ (அவுட்லெட்டை நெட்வொர்க் வழியே அணைக்கக்கூடியது) வேண்டும். அதில் ஏ, பி இரண்டு அவுட்லெட்டையும் முதலில் அணைத்து, பிறகே இரண்டையும் ஆன் செய்யும்படி அமையுங்கள். ஒன்றை அணைத்து ஆன் செய்து, பிறகு அடுத்ததை அணைத்து ஆன் செய்தால், சர்வர் ஒரு நொடிகூட மின்சாரம் இழக்காது. ஆனால் ஃபென்சிங் வெற்றி என்று பதிவாகும். அதுதான் ஸ்ப்ளிட் பிரெய்னுக்கு வாசல்.

பவர் பட்டனை ஆப்பரேட்டிங் சிஸ்டம் கவனிக்காதபடி அணைத்து வையுங்கள். இல்லையென்றால் பிஎம்சி அணைக்கச் சொன்னதும் அது நிதானமாக ஷட் டவுன் செய்யத் தொடங்கும். இரண்டு நோடும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று அணைக்காமலிருக்க, முதன்மை நோடை அணைக்கும் ஃபென்சிங்குக்கு 15 வினாடித் தாமதம் வையுங்கள்.

பிடுங்கிப் பார்த்தல்

பயனர்களைச் சேர்க்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், முழு பேக்கப் எடுத்துவிட்டு, உண்மையான சுமை ஓடும்போதே இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் சேவை எத்தனை வினாடி நின்றது, எச்சரிக்கை வந்ததா என்று எழுதுங்கள். முந்தையது முழுதாகச் சீரானபின் அடுத்தது.

1. முதல் சர்வரின் ஏ கேபிளைப் பிடுங்குங்கள். சேவை அசையக் கூடாது.
2. ஏ எம்சிபியையே அணைத்து, யுபிஎஸ் பேட்டரி தீரும்வரை விடுங்கள். எத்தனை நிமிடம் தாங்கியது, பி எவ்வளவு சதவீதம் சுமந்தது என்று குறியுங்கள்.
3. ஒரு டிஸ்கைக் கழற்றி, புதியதைச் செருகி, மறுகட்டுமானம் முடியும் நேரத்தை அளங்கள்.
4. ஒரு நெட்வொர்க் கேபிள், பிறகு ஒரு முழு ஸ்விட்ச்.
5. நேரடிக் கேபிள். கோரோசின்க் இரண்டாவது லிங்குக்கு மாற வேண்டும், ஃபென்சிங் நடக்கக் கூடாது. டிஆர்பிடி மறுபடி ஒத்துப்போகும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.
6. முதன்மை நோடின் கெர்னலைக் கிராஷ் செய்யுங்கள். பிஎம்சி ஃபென்சிங் நடக்க வேண்டும்.
7. ஒரு நோடின் இரண்டு பவர் கேபிளையும் ஒன்றாகப் பிடுங்குங்கள். இரண்டாம் நிலை ஃபென்சிங் இங்கேதான் தெரியும். பெரும்பாலான அமைப்புகள் தோற்பதும் இங்கேதான்.

எச்சரிக்கை அனுப்பும் மெயில் சர்வர் இதே கிளஸ்டரில் ஓடினால், கிளஸ்டர் விழும்போது செய்தியும் விழும். அதை வெளியிலுள்ள வேறொரு கணினியிலிருந்து, வேறொரு இணைய இணைப்பில் அனுப்புங்கள். ஒரு பவர் சப்ளை செத்து மூன்று மாதமாக யாரும் பார்க்காத சர்வரில் மிஞ்சியிருப்பது ஒற்றைப் பவர் சப்ளைதான்.

அலமாரியில் இருக்க வேண்டியவை: ஒரு பவர் சப்ளை, ஒவ்வொரு வகையிலும் இரண்டு டிஸ்க் (கேடியோடு), ஒரு விசிறி, ஒரு மெமரி, எஸ்எஃப்பி (நெட்வொர்க் போர்ட்டில் செருகும் மாட்யூல்) இரண்டு, பூட்டுள்ள பவர் கேபிள் நான்கு. பெட்டியின் மேல் வாங்கிய தேதியும் ஃபர்ம்வேர் எண்ணும் எழுதி ஒட்டுங்கள். உதிரி டிஸ்கை ஆண்டுக்கு ஒருமுறை செருகி, முழுதும் எழுதிப் படித்துப் பாருங்கள்.